வானத்தை அளக்க ஒரு சாண்

முழங்கை மடங்காமல் கையை நீட்டி, விரல்களை நன்றாக விரித்துப் பிடியுங்கள். கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை ஒரு சாண். அந்தச் சாணை வானத்துக்கு எதிரே பிடித்தால் ஏறக்குறைய 20 முதல் 22 டிகிரி வரும். பெரியவர்களுக்குக் கையும் நீளம், சாணும் பெரிது. பிள்ளைகளுக்குக் கையும் குட்டை, சாணும் சிறிது. அதனால் யார் அளந்தாலும் கணக்கு அதிகம் தப்பாது.

அதே தூரத்தில் மூடிய முஷ்டியின் அகலம் 10 டிகிரி, சுண்டுவிரலின் அகலம் 1 டிகிரி. சூரியனும் நிலாவும் எவ்வளவு பெரிதாகத் தோன்றினாலும் வெறும் அரை டிகிரிதான். நீட்டிய கையின் சுண்டுவிரலே நிலாவை முழுசாக மறைத்துவிடும். நம்பிக்கை இல்லாதவர்கள் இன்று இரவே மாடிக்குப் போய்ச் சோதித்துக்கொள்ளலாம்.

வானத்தில் தோன்றும் வண்ண வேடிக்கைகளை அடையாளம் காண இதைவிடப் பெரிய கருவி வேண்டாம். கேமரா எல்லாம் அப்புறம்.

கோட்டை கட்டிய சூரியன்

2021 மே 24 அன்று முற்பகலில் பெங்களூரில் ஏராளமானோர் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்த்தார்கள். சூரியனைச் சுற்றிப் பெரிய வட்டம் ஒன்று, உள்விளிம்பில் செம்பழுப்பு நிறத்தோடு, தெளிவாக நின்றது. கொரோனா ஊரடங்கு நேரம் வேறு. பலரும் மாடியில் நின்று எடுத்த படங்கள் மதியத்துக்குள் வாட்ஸ்அப்பில் நாடு முழுக்கச் சுற்றிவிட்டன. சில நாள் கழித்து ஜூன் 2-ஆம் தேதி ஹைதராபாத்திலும் அதே காட்சி. இப்படி ஒன்று தெரிந்தால் உலகம் அழியப்போகிறதா, பூகம்பம் வருமா என்று கேட்கச் சிலர் எப்போதும் இருப்பார்கள். ஒன்றும் வராது. அதிகபட்சம் மழை வரும், அதுவும் நிச்சயமில்லை.

இது நமக்குப் புதிய காட்சியே இல்லை. நூல்களில் இதற்குப் பரிவேடம் என்றும் ஊர்கோள் என்றும் பெயர் இருக்கிறது. பேச்சு வழக்கில் 'நிலா கோட்டை கட்டியிருக்கு' என்பார்கள். என் அம்மாவுக்குச் சூரியனும் கோட்டைதான் கட்டும். நான் இங்கே வட்டம் என்றே எழுதுகிறேன், சுலபமாக இருக்கும்.

இந்த வட்டத்தின் அடையாளம் அதன் அளவு. கட்டைவிரலால் சூரியனை மறைத்துக்கொண்டு விரல்களை விரித்தால், சுண்டுவிரல் நுனி வட்டத்தைத் தொடும். நடுவிலிருந்து விளிம்பு வரை 22 டிகிரி, அதாவது ஒரு சாண். சூரியன் எங்கே இருந்தாலும், எந்த ஊரில் நின்று பார்த்தாலும், அது மாறாது. ஒரு வட்டம் எப்போதும் ஒரே அளவில் வருகிறது என்றால், அதை உண்டாக்குகிற பொருளின் வடிவமும் எப்போதும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? அந்தப் பொருள் பனிக்கட்டிப் படிகம்.

மே மாத வெயிலில் பனிக்கட்டியா என்று கேட்பது நியாயம்தான். தரையில் 40 டிகிரி கொளுத்தினாலும் மேலே போகப் போகக் குளிரும். நம் ஊர் வானத்தில் சுமார் 5 கிலோமீட்டர் உயரத்திலேயே வெப்பநிலை பூஜ்யத்துக்கு இறங்கிவிடுகிறது. விமானத்தில் போனவர்கள் முன்சீட்டுத் திரையில் வெளி வெப்பநிலை மைனஸ் 40, மைனஸ் 50 என்று ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த உயரத்தில் பரவும் மெல்லிய மேகம் முழுக்க முழுக்கப் பனிப்படிகங்களால் ஆனது. சிரோஸ்ட்ராட்டஸ் என்பது அதன் பெயர். கீழிருந்து பார்த்தால் மேகம் என்றே தோன்றாது. வானத்தின் நீலத்தில் கொஞ்சம் பால் கலந்ததுபோல வெளுத்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் தரையில் நம் நிழல் விழும். நிழல் விழுகிற அளவுக்கு வெயில், நீலம் வெளுக்கிற அளவுக்குப் படலம் என்று இரண்டும் சேர்ந்திருந்தால் அண்ணாந்து பார்க்க வேண்டிய நேரம்.

ஆறு பட்டைப் பென்சில்

பள்ளிக்கூடத்தில் எழுதிய ஆறு பட்டைப் பென்சிலை நினைத்துக்கொள்ளுங்கள். சீவாத புதுப் பென்சில். பனிப்படிகம் பலவும் அந்த வடிவம்தான், அளவுதான் மிகச் சிறியது. நீர் மூலக்கூறுகள் உறையும்போது ஆறு ஆறாக அடுக்கிக்கொள்வதால் வருகிற வடிவம் அது. சில படிகங்கள் பென்சில் போல நீளமாக வளரும். சில, அந்தப் பென்சிலை மெல்லிய வில்லையாக நறுக்கியதுபோலத் தட்டையாக இருக்கும். இந்த இரண்டு வடிவங்களை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக வரும்.

பென்சிலின் ஒரு பட்டையில் வெளிச்சம் நுழைகிறது. அடுத்த பட்டையை விட்டுவிட்டு, அதற்கடுத்த பட்டை வழியாக வெளியேறுகிறது. ஒன்றுவிட்ட இந்த இரண்டு பட்டைகளுக்கும் இடையே உள்ள கோணம் 60 டிகிரி. ஆகவே ஒளியைப் பொறுத்தவரை அது பள்ளி ஆய்வகத்தில் பார்த்த முக்கோணப் பட்டகம்தான். 17-ஆம் நூற்றாண்டிலேயே எட்மே மரியோட் என்ற பிரெஞ்சு அறிவியலாளர் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

சரி, மேகத்தில் படிகங்கள் கண்டபடி புரண்டுகொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒளியை வேறு வேறு கோணத்தில்தானே திருப்பும், பிறகு எப்படி ஒரே இடத்தில் வட்டம் விழுகிறது? இங்கேதான் நான் பல நாள் குழம்பினேன். தெளிய வைத்தது ஊஞ்சல். ஊஞ்சல் ஆடும்போது நடுவில் வேகமாகக் கடந்துபோகும், கோடியில் போய்த் திரும்பும் இடத்தில் ஒரு கணம் தயங்கும். ஆடுகிற ஊஞ்சலைக் கண்ணை மூடி மூடித் திறந்து பார்த்தால், கோடிக்குப் பக்கத்தில்தான் அதிகம் அகப்படும். படிகம் புரளும்போது ஒளி திரும்பும் கோணமும் அப்படித்தான் ஏறி இறங்குகிறது. அது இறங்குகிற கோடி 22 டிகிரி. ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்று சொல்வது ஒளிவிலகல் எண்; பனிக்கட்டிக்கு அது 1.31. அதையும் 60 டிகிரியையும் வைத்துக் கணக்குப் போட்டால் இந்த எண் வரும். அதற்குக் குறைவாக எந்தப் படிகமும் ஒளியைத் திருப்ப முடியாது. அந்தக் கோடியில் தயங்கி நிற்கிற படிகங்களிலிருந்து அதிக ஒளி வந்து குவிய, நாம் அதை வட்டமாகப் பார்க்கிறோம்.

இதிலிருந்தே இன்னும் இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன. வட்டத்துக்கு உள்ளே இருக்கும் வானம் வெளியே இருப்பதைவிடச் சற்று இருண்டிருக்கும், ஏனென்றால் 22 டிகிரிக்குள் இந்தக் கணக்கில் ஒளி வரவே வழியில்லை. உள்விளிம்பு சிவந்து கூர்மையாக இருக்கும், ஏனென்றால் சிவப்பு மற்ற நிறங்களைவிடக் கொஞ்சம் குறைவாகத் திரும்புகிறது. வெளிப்பக்கம் நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து வெள்ளையாகக் கரைந்துவிடும். சிவப்பு உள்ளே என்பதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இன்னொன்று. பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கும் வட்டமும் நீங்கள் பார்க்கும் வட்டமும் ஒன்றே இல்லை. உங்கள் கண்ணுக்கு ஒளி அனுப்பும் படிகங்கள் வேறு, அவர் கண்ணுக்கு அனுப்புபவை வேறு. படிகங்கள் விழுந்துகொண்டே இருக்கும், மேகம் நகர்ந்துகொண்டே இருக்கும். வட்டம் மட்டும் அசையாமல் நிற்கும்.

தட்டைப் படிகங்களின் கதை

உதிர்கிற பூவரச இலை பெரும்பாலும் கிடைமட்டமாகவே மிதந்து இறங்கும். வில்லை போன்ற தட்டைப் படிகங்களும் அப்படித்தான் விழுகின்றன. எல்லாம் ஒரே வாக்கில் படுத்துக்கொண்டு விழுவதால், ஒளி வட்டம் முழுக்கப் பரவாமல் இரண்டு இடங்களில் மட்டும் குவிகிறது. சூரியனுக்கு இடதும் வலதும், அதே உயரத்தில், ஒரு சாண் தள்ளி இரண்டு பிரகாசமான புள்ளிகள். சூரியனைப் பார்த்த பக்கம் சிவப்பு, மறுபக்கம் வெள்ளை வால். இவற்றைப் பொய்ச்சூரியன்கள் என்கிறார்கள். சூரியன் தாழ்வாக இருக்கும் காலையிலும் மாலையிலும்தான் நன்றாகத் தெரியும். சூரியன் ஏற ஏற வட்டத்தை விட்டு வெளியே நகர்ந்து, 60 டிகிரி உயரம் தாண்டும்போது காணாமல் போய்விடும்.

1535 ஏப்ரல் 20 அன்று ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரத்தின் மேல் வட்டங்களும் பொய்ச்சூரியன்களுமாக வானம் நிறைந்திருந்தது. அதை ஓவியமாகத் தீட்டி வைத்தார்கள். 1636-இல் எடுக்கப்பட்ட அதன் நகல் இன்றும் அந்த ஊர்ப் பெரிய தேவாலயத்தில் தொங்குகிறது. ஸ்டாக்ஹோம் நகரின் மிகப் பழைய வண்ணப்படமும் அதுதான். ஊரைப் படமெடுக்க வந்து வானத்தைக் காட்டிய கதை என்றும் சொல்லலாம், வானத்தை எழுத வந்து ஊரைக் காப்பாற்றிய கதை என்றும் சொல்லலாம்.

ஆனால் ஸ்டாக்ஹோம்காரர்கள் தங்கள் ஊரில் நின்று பார்க்கவே முடியாத ஒன்று நமக்கு உண்டு. சூரியன் 58 டிகிரிக்கு மேல் ஏறியிருக்கும்போது, தட்டைப் படிகங்களின் பக்கவாட்டில் நுழைந்த ஒளி அடிப்பக்கமாக வெளியேறி, சூரியனுக்குக் கீழே இரண்டு சாணுக்குக் கொஞ்சம் மேல், அடிவானத்துக்கு இணையாக ஒரு வண்ணப் பட்டை போடும். வானவில்லை நிமிர்த்தி நீட்டிப் படுக்கவைத்ததுபோல இருக்கும். மேலே சிவப்பு, கீழே நீலம். நிறச் சுத்தத்தில் வானவில்லையே தோற்கடிக்கும். நெருப்பு வானவில் என்று இதற்கு ஒரு பட்டப்பெயர் ஓடுகிறது. நெருப்பும் இல்லை, மழையும் இல்லை. அடிவான வில் என்று வைத்துக்கொள்வோம்.

ஸ்டாக்ஹோமில் சூரியன் கோடையின் உச்சத்திலும் 54 டிகிரியைத் தாண்டாது. அதனால் அங்கே இது கிடையாது. கன்னியாகுமரியிலோ டிசம்பர் 22 நண்பகலில்கூடச் சூரியன் 58 டிகிரியைத் தொட்டுவிடும். சென்னையில் நவம்பர் பிற்பகுதி முதல் ஜனவரி பிற்பகுதி வரை மட்டும் கொஞ்சம் போதாது, மற்றபடி தினமும் நண்பகலை ஒட்டிச் சூரியன் போதுமான உயரத்தில்தான் இருக்கிறது. உலகத்தில் பாதிப் பேர் கோடையில் மட்டும் காத்திருந்து பார்க்கிற காட்சிக்கு நமக்கு ஆண்டில் பத்து மாதம் வாய்ப்பு. ஆனாலும் நாம் பார்ப்பதில்லை. உச்சி வெயிலில் யார் வானம் பார்க்கப் போகிறார்கள்?

இதன் தம்பி ஒன்று இருக்கிறது. சூரியன் 32 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது, அதாவது காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை நாலரைக்குப் பின்னும், சூரியனுக்கு மேலே இரண்டு சாண் தள்ளி, உச்சந்தலைக்குப் பக்கத்தில் ஒரு தலைகீழ் வில் தெரியும். வானம் சிரிப்பதுபோல. பொய்ச்சூரியன் பளிச்சென்று தெரிந்தால் உடனே தலையைப் பின்னுக்குச் சாய்த்து இதைத் தேடுங்கள். இரண்டையும் செய்வது ஒரே தட்டைப் படிகங்கள்.

இன்னும் நிறைய இருக்கின்றன. இரண்டு சாண் ஆரத்தில் ஒரு பெரிய வட்டம் உண்டு, மங்கலானது, அரியது. சூரியன் வழியாகவே வானத்தைச் சுற்றிவரும் வெள்ளை வட்டம் உண்டு. சூரியன் உச்சிக்கு ஏறும்போது 22 டிகிரி வட்டத்தை வெளியிலிருந்து கட்டிப்பிடித்துக்கொள்ளும் முட்டை வடிவ வளையமும் உண்டு. இது படுத்து விழுகிற பென்சில் படிகங்களின் வேலை. நம் ஊரில் நண்பகலில் வட்டம் சில சமயம் வழக்கத்தைவிடப் பளிச்சென்று தெரிவதற்கு இது மேலே ஒட்டிக்கொள்வதும் ஒரு காரணம். முதல் வருடத்தில் இவற்றைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம்.

கிட்ட வட்டம், எட்ட வட்டம்

'அகல் வட்டம் பகல் மழை' என்று ஒரு பழமொழி. 'எட்ட வட்டம் கிட்ட மழை, கிட்ட வட்டம் எட்ட மழை' என்று இன்னொன்று. வட்டம் நிலாவை விட்டுத் தள்ளியிருந்தால் மழை பக்கத்தில் இருக்கிறது, வட்டம் நெருங்கியிருந்தால் மழை தூரத்தில் இருக்கிறது. சொன்னவர்கள் இரண்டு வட்டங்களும் வேறு வேறு என்று கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

எட்ட வட்டம் நாம் இதுவரை பார்த்த ஒரு சாண் வட்டம். கிட்ட வட்டம் நிலாவை ஒட்டினாற்போல, ஒரு முஷ்டிக்குள் அடங்கிவிடும். அதற்குப் பனிப்படிகம் தேவையில்லை, நுண்ணிய நீர்த்துளிகளே போதும். மார்கழிக் காலையில் பஸ் ஜன்னல் கண்ணாடி வேர்த்திருக்கும்போது தெருவிளக்கைச் சுற்றி ஒரு வண்ண வளையம் தெரியுமே, அதே கணக்கு. ஒளி துளிகளின் ஓரத்தில் வளைந்து பரவுவதால் வருவது. துளி சிறிதாக இருந்தால் வளையம் பெரிதாகும், துளி பெரிதானால் வளையம் சுருங்கும். முக்கியமான வித்தியாசம் நிறத்தில். ஒரு சாண் வட்டத்தில் சிவப்பு உள்ளே என்று சொன்னேன் அல்லவா, இந்தச் சின்ன வளையத்தில் சிவப்பு வெளியே. அளவைப் பார்க்க மறந்தாலும் நிறத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

மழை சொல்வதில் பழமொழி பாதி சரி என்றுதான் நினைக்கிறேன். வங்கக்கடலில் தாழ்வு மண்டலமோ புயலோ இருந்தால், அதன் உச்சியிலிருந்து பனிப்படலம் வெகுதூரத்துக்கு முன்னோடிபோல விரியும். அப்போது வட்டம் முதலில், மழை பின்னால். ஆனால் வேறு எங்கோ இடிமழை கொட்டித் தீர்த்துவிட்டு, அதன் மிச்சப் படலம் மட்டும் நம் தலைக்கு மேல் மிதந்து வருவதும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காகப் பலத்த காற்று ஓடும். வங்கக்கடல் இடிமேகங்களின் உச்சிப் படலத்தை அது இழுத்துவந்து நம் மேல் விரிக்கும். மழை அங்கே, வட்டம் மட்டும் இங்கே. அதனால் வட்டத்தைப் பார்த்ததும் வடகத்தை அள்ள வேண்டியதில்லை.

வானவில்லுக்கும் சாண் கணக்கு உண்டு, ஆனால் அளக்க வேண்டியது சூரியனிலிருந்து அல்ல, உங்கள் தலையின் நிழலிலிருந்து. நிழலைச் சுற்றி 42 டிகிரியில் வில் விழும். இரண்டு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. நிழல் அடிவானத்துக்குக் கீழே இருப்பதால்தான் பாதி வட்டமோ அதற்கும் குறைவோ தெரிகிறது. சூரியன் 42 டிகிரிக்கு மேல் ஏறிவிட்டால் தரையில் நிற்கிறவருக்கு வில் முழுக்க அடிவானத்துக்குக் கீழே போய்விடும். ஆகவே சென்னையில் நண்பகல் வானத்தில் வானவில் என்று யாராவது படம் அனுப்பினால் அது வானவில்லாக இருக்க முடியாது. பெரும்பாலும் நம் அடிவான வில்லாக இருக்கும். காலையில் மேற்கே, மாலையில் கிழக்கே, அதுதான் வானவில்லின் இடம். 51 டிகிரியில் நிறம் தலைகீழாக மாறிய இரண்டாவது வில் மங்கலாகத் தெரியும். இரண்டுக்கும் நடுவே வானம் இருண்டிருப்பதையும் கவனியுங்கள். பார்த்தபின் மறக்க மாட்டீர்கள்.

கொடைக்கானலில் கோக்கர்ஸ் வாக் நடைபாதையில் சூரியன் முதுகுப்பக்கம் இருந்து, எதிரே பள்ளத்தாக்கில் மேகம் நிறைந்து நின்றால், உங்கள் நிழலே பூதாகாரமாக மேகத்தில் விழுந்து, தலையைச் சுற்றிச் சின்ன வண்ண வளையம் சூழ்ந்திருப்பதைப் பார்க்கலாம். ஜெர்மனியின் பிராக்கன் மலை பெயரால் இதைப் பிராக்கன் பூதம் என்பார்கள். பக்கத்தில் நிற்பவரின் தலைக்கு வளையம் இருக்காது. அவரைக் கேட்டால் உங்களுக்கு இல்லை என்பார். விமானத்தில் சூரியனுக்கு எதிர்ப்பக்க ஜன்னலில் உட்கார்ந்தால் கீழே மேகத்தில் விமானத்தின் நிழலைச் சுற்றி இதே வளையம் ஓடிவரும். டிக்கெட் பதிவு செய்யும்போது எந்தப் பக்கம் என்று யோசித்துப் பதிவு செய்வது எனக்கு ஒரு கெட்ட பழக்கமாகவே ஆகிவிட்டது.

முதலில் கண்

இனி படம் எடுப்பது. அதற்கு முன் ஒரு கண்டிப்பு. சூரியனை வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது. மெல்லிய மேகத்துக்குப் பின்னால் இருந்தாலும்தான். விழித்திரை கருகும்போது வலிக்காது என்பதால் பார்த்தவருக்குத் தெரியவே தெரியாது. பைனாகுலர் வேண்டவே வேண்டாம். பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவின் கண் வைக்கும் துளை வழியாகவும் வேண்டாம், பின்புறத் திரையில் பார்த்தே எடுங்கள். கிரகணக் கண்ணாடி இங்கே உதவாது. அது வட்டத்தையும் சேர்த்து மறைத்துவிடும்.

சரியான வழி, சூரியனை எதன் பின்னாலாவது ஒளித்துவைப்பது. தெருவிளக்கு, தென்னை மட்டை, கோபுரக் கலசம், மாடியில் இருக்கும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. தொட்டியின் நிழலுக்குள் நீங்கள் நின்றுவிட்டால் கண்ணுக்கும் பாதுகாப்பு, படத்துக்கும் நல்லது. ஒன்றும் கிடைக்காவிட்டால் கட்டைவிரல். மங்கலான வட்டத்தைத் தேட இன்னொரு உத்தி: அணைத்த மொபைல் திரையின் கறுப்பில் வானத்தின் பிம்பத்தைப் பாருங்கள், சூரியனின் பிம்பம் மட்டும் திரைக்கு வெளியே இருக்கட்டும். கண் கூசாத அளவுக்கு வெளிச்சம் குறைந்து, கண்ணுக்குத் தப்பியது அதில் தெரியும்.

பிறகு கேமரா

ஒரு சாண் ஆரம் என்றால் குறுக்கே இரண்டு சாண், 44 டிகிரி. மொபைலின் வழக்கமான லென்ஸில் முழு வட்டம் ஓரம் முட்டினாற்போலத்தான் அடங்கும். 0.5 என்று போட்டிருக்கும் அகன்ற லென்ஸுக்கு மாறினால் வட்டத்தோடு வெளியே இருப்பவையும் வரும். தனிக் கேமரா என்றால் முழுச் சட்ட சென்சாருக்கு 24 மி.மீ., சின்ன சென்சாருக்கு 16 அல்லது 18 மி.மீ. லென்ஸ். பொய்ச்சூரியனையோ அடிவான வில்லின் ஒரு துண்டையோ தனியாக எடுக்க மட்டும் நெருக்கிக் காட்டும் லென்ஸ். அதைச் சூரியன் பக்கம் திருப்பி நிறுத்திவைத்தால் சென்சாருக்கே ஆபத்து.

எல்லோரும் செய்யும் தவறு படத்தை வெளிறச் செய்வது. வட்டம் வானத்தைவிடக் கொஞ்சமே பிரகாசமானது. வானம் வெள்ளையாக எரிந்துவிட்டால் வட்டமும் அதில் கரைந்துவிடும். மொபைலில் வட்டத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஒளியளவும் குவியமும் பூட்டிக்கொள்ளும். பிறகு சூரியச் சின்னத்தைக் கீழே இழுத்து, திரையில் வானம் உங்களுக்கே கொஞ்சம் இருட்டாகத் தோன்றும் வரை குறையுங்கள். கையால் அமைக்கும் கேமராவில் ஐஎஸ்ஓ 100, எஃப் 11, நொடியில் 500-இல் ஒரு பங்கு என்று தொடங்கி, இன்னும் குறைத்துக் குறைத்து நாலைந்து படம் எடுங்கள். குவியம் வெறும் வானத்தில் பிடிக்காமல் தடுமாறும். தூரத்துக் கட்டடத்தில் குவித்துவிட்டு அப்படியே விட்டுவிடலாம். ரா (RAW) வடிவத்தில், அதாவது சென்சார் பதிவு செய்ததைச் சுருக்காமல் அப்படியே, சேமிக்க வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

அப்புறம் பொய் வட்டங்கள். நான் முதலில் பெருமையாக அனுப்பிய மூன்று படங்களில் இரண்டில் இருந்தது லென்ஸுக்குள் ஒளி எதிரொளித்து விழுந்த கறைகள். சோதிப்பது சுலபம். மொபைலைக் கொஞ்சம் சாயுங்கள். திரையில் அந்தப் புள்ளி வானத்தை விட்டு ஓடினால் அது லென்ஸின் வேலை. அல்லது சூரியனை விரலால் மறையுங்கள். லென்ஸ் கறை மறைந்துபோகும், வானத்தில் இருப்பது முன்பைவிடத் தெளிவாகத் தெரியும். எடுப்பதற்கு முன் லென்ஸைச் சட்டை நுனியால் துடைப்பதும் நல்லது. விரல் ரேகை எண்ணெய் பட்ட லென்ஸ் தானே ஒரு கோட்டை கட்டிவிடும்.

வானவில் எடுக்கும்போது போலரைசர், அதாவது ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும் வடிகட்டி, மாட்டியிருந்தால் அதைச் சுழற்றிப் பாருங்கள். ஒரு நிலையில் வில் பளிச்சிடும், இன்னொரு நிலையில் சுத்தமாகக் காணாமல் போகும். வானவில்லின் ஒளி அந்த அளவுக்கு ஒரே திசையில் முனைவாக்கப்பட்டது. பனிப்படிக வட்டத்துக்குப் போலரைசர் பெரிதாக எதுவும் செய்யாது. நிலா வட்டத்துக்குப் பௌர்ணமியை ஒட்டிய நாட்கள் வேண்டும். மொபைலை முக்காலியிலோ கைப்பிடிச் சுவரிலோ அசையாமல் வைத்து இரவுப் பயன்முறையில் மூன்று, நான்கு நொடி விட்டால் போதும்.

எடுத்த நேரமும் ஊரும் படத்தோடு பதிவாகட்டும். அந்த நேரத்தில் சூரியன் எத்தனை டிகிரி உயரத்தில் இருந்தது என்று பின்னால் கணக்கிட்டுக்கொள்ளலாம், எந்த வில் சாத்தியம் என்று அது சொல்லிவிடும். வீட்டுக்கு வந்ததும் எந்தச் செயலியிலாவது படத்தின் மாறுபாட்டைத் தாறுமாறாக ஏற்றிப் பாருங்கள். அழகு கெட்டுவிடும், கெடட்டும். கண்ணுக்குத் தெரியாத மங்கல் வளைவுகள் அப்போதுதான் வெளியே வரும்.

ஒரு செப்டம்பர் நண்பகல். மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்று, தலைக்கு மேல் முழு வட்டம் ஒன்றை அகன்ற லென்ஸில் நெட்டாக எடுத்தேன். படத்தின் கீழ்ப்பாதியில் கொடியும் அதில் காயும் அம்மாவின் சேலைகளும் வந்துவிட்டன. வெட்டி எறிந்துவிட்டு மேல்பாதியை மட்டும் நாலு பேருக்கு அனுப்பினேன். பல மாதம் கழித்து அந்த மூலப்படத்தைத் திறந்து மாறுபாட்டை ஏற்றியபோது, கொடிக்குச் சற்று மேலே சிவப்பும் பச்சையுமாக ஒரு கரை தெரிந்தது. சேலைக் கரை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அது எந்தச் சேலையிலும் ஒட்டாமல், படத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நேராக ஓடியது. திரையிலேயே விரலை வைத்து அளந்தேன். சூரியனிலிருந்து வட்டம் வரை ஒரு பங்கு என்றால், அந்தக் கரை வரை இரண்டு பங்குக்குக் கொஞ்சம் மேல்.